பூண்டுப் பரணில் பொற்சுவர்

மெழுகுக்குச் சூடு ஆகாது என்று என் மகள் எனக்கு மூன்று முறை சொல்லியிருந்தாள். முதல் முறை மதுரையிலிருந்து தொலைபேசியில். இரண்டாம் முறை, பெட்டியைப் பேருந்திலிருந்து இறக்கியபோது. மூன்றாம் முறை, எங்கள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த இடம் வரும்போது வேறு எதையாவது எழுதிவிடுவேன்.

எங்கள் வீடு கொடைக்கானலுக்கு மேலே, கிளாவரைக்குப் போகிற பாதையில் உள்ள ஓர் ஊரில். நான் அங்கே பள்ளி ஆசிரியை. கணவருக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிர். பிள்ளை ஒருத்திதான். மதுரையில் கட்டடக்கலை படிக்கிறாள். இது நடந்தபோது நான்காம் ஆண்டு.

அந்த ஆண்டு அவள் துறையிலிருந்து ஒரே ஒருவரை ஆறு மாதம் ஸ்பெயினுக்கு அனுப்பிப் படிக்கவைப்பதாக இருந்தார்கள். ஸ்பெயினிலும், ஸ்பெயின் பிடித்து ஆண்ட அமெரிக்க நாடுகளிலும் முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன்னால் கட்டிய தேவாலயங்களைப் பற்றிய படிப்பு. பரோக் என்று அந்தப் பாணிக்குப் பெயர். போக விரும்புகிறவர்கள் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு, வரைபடங்களோடு மாதிரி ஒன்றும் செய்து, ஒரு குழுவின் முன்னால் வைக்க வேண்டும். அதைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

என் மகள் எடுத்துக்கொண்டது பெரு நாட்டில் மலைமேல் இருக்கும் ஒரு தேவாலயத்தின் பீடச் சுவர். படத்தைத் தொலைபேசியில் காட்டினாள். தரையிலிருந்து கூரைவரை ஒரே தங்கம். கயிறு திரித்ததுபோல முறுக்கிக்கொண்டு மேலே போகும் தூண்கள், அவற்றைச் சுற்றிக் கொடி, கொடியில் காய், காயைக் கொத்தும் பறவை, இடுக்கிலெல்லாம் இறக்கை வைத்த குழந்தை முகங்கள். எனக்கு மூச்சு முட்டியது. நம்ம கோபுரத்துச் சுதை வேலை மாதிரி இருக்கிறதே என்றேன். எதைப் பார்த்தாலும் நம்மூரோடு சேர்ப்பது என் பழக்கம். அவளுக்கு அது பிடிக்காது. கோபுரம் வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பது, இது உள்ளே வந்தவனை வாயடைத்து நிற்கவைப்பது, இரண்டும் ஒன்றா என்று கேட்டாள். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்து அவளே சொன்னாள், அங்கேயும் மலைதான், நம்ம மலையைவிட உயரம், உருளைக்கிழங்கே அங்கிருந்துதான் உலகத்துக்கெல்லாம் வந்தது என்று. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

“அப்ப அவங்க நமக்குப் பங்காளிக” என்றார்.

ஸ்பெயினிலிருந்து பாதிரியார்கள் படத்தைக் கொண்டுவந்து இப்படிச் செய் என்று காட்டியிருக்கிறார்கள். செதுக்கியவர்கள் அந்த மலை ஜனங்கள். படத்தில் இருந்ததைச் செய்துவிட்டு, இடுக்குகளில் தங்கள் வேலியில் கிடந்ததையும் வைத்துவிட்டார்கள்: மக்காச்சோளக் கதிர், பப்பாளி, பேஷன் ஃப்ரூட் என்று கடையில் விற்கிற தாட்பூட் பழம். தாட்பூட் பழக் கொடி எங்கள் வேலியிலும் படர்ந்து கிடக்கிறது. அந்தப் பூவையும் காயையும் பறித்து வைத்துப் பார்த்துத்தான் அவள் மெழுகில் பிடித்தாள். அந்தத் தங்கமும் வெள்ளியும் எப்படி வந்தன, எத்தனை பேரைச் சுரங்கத்துக்குள் அனுப்பி எடுத்தார்கள் என்பதையும் சொன்னாள். வெறுமனே அழகு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது என்பது அவளுடைய ஆய்வில் ஒரு பகுதி.

அவர்கள் ஒரு சாண் இடத்தைக்கூடச் சும்மா விடமாட்டார்கள் என்று அவள் சொன்னபோது, அவள் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒங்கம்மா மாதிரியே. ஒரு நிமிசம் சும்மா கெடக்க விடமாட்டா. அதுக்குள்ள ஒரு கவலையக் கொண்டாந்து அடைச்சுருவா.”

நானும் சிரித்தேன். அது உண்மை. அவள் விடுதிக்குப் போன முதல் வருடம் தினமும் நாலு முறை அழைப்பேன். மலைப்பாதையில் எங்கோ பேருந்து கவிழ்ந்தது என்று கேட்டால், அவள் மதுரையில் வகுப்பில் இருப்பாள் என்று தெரிந்தும் உடனே அழைத்து அவள் குரலைக் கேட்பேன். ஸ்பெயின் என்று அவள் சொன்ன நாளிலிருந்து அந்த நாட்டில் எங்கே ரயில் தடம் புரண்டது, எங்கே வெள்ளம் வந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். அவளிடம் மட்டும் “நல்லா செய் தாயி, ஒனக்குத்தான் கெடைக்கும்” என்றேன். அப்படிச் சொன்னதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

மலைத்தேன் மெழுகில்தான் எல்லாம் செய்தாள். பலகையில் சுவரை நிறுத்தி, எட்டுத் தூண், அவற்றின்மேல் கொடி, காய், பறவை, முகங்கள், எல்லாவற்றின் மேலும் ரேக்கு என்கிற மெல்லிய பொன்னிறத் தகடு. ஒன்றரை முழ உயரம் இருக்கும். மதுரை விடுதி அறையில் பகலில் தூண்கள் தாமாகவே குனிந்தன. அதனால்தான் குளிருக்குக் கொண்டுவந்தாள். தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வத்தலக்குண்டிலிருந்து அத்தனை வளைவுகளிலும் மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் அவள் சொன்னது, “குளுருல எத்தன நாளு வேணாலும் நிக்கும்மா. சூடு மட்டும் ஆகாது.”

ஒரு மாதம் வீட்டில் இருந்து செய்தாள். ஊரில் கேலி பேசினார்கள். என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, அடுத்த வீடு. தினமும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள்.

“ஏன் மதினி, காலாகாலத்துல கல்யாணப் பந்தல் போடச் சொன்னா, ஒங்க மக சர்ச்சு கட்டிக்கிட்டு இருக்கா?”

“பந்தல் நாலு நாளுல பிரிச்சுருவாங்க அத்தே. இது நிக்கும்” என்றாள் மகள், தலையைத் தூக்காமலே.

அது ஐப்பசி. எட்டு நாளாக மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. துணி காயவில்லை, உப்பு நீர்த்துவிட்டது. மெழுகுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஈரத்தில் ரேக்கு ஒட்டாமல் ஓரம் தூக்கிக்கொண்டது. குழுவின் முன்னால் வைக்க ஐந்து நாள்தான் இருந்தது. அவள் வரைபடங்களை அச்செடுக்கக் கொடைக்குப் போனாள்; கடைசிப் பேருந்து கிடைக்காது, தோழி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வருவதாகத் திட்டம். கிளம்பும்போது அடுப்படி வாசலில் நின்று மூன்றாம் முறையாகச் சொன்னாள்.

“ரேக்கு தானாக் காயும். நீ ஒன்னும் செய்யாத. சூடு மட்டும் ஆகாதும்மா.”

அவள் அப்பா பூண்டை ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்.

எங்கள் ஊர் அடுப்படியில் அடுப்புக்கு நேர்மேலே மூங்கில் பரண் இருக்கும். பறித்த பூண்டைத் தாளோடு கட்டி அதில் தொங்கவிடுவோம். கீழே ஈரக் கட்டை புகைந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் புகைதான் பூண்டை ஒரு வருடம் கெடாமல் காக்கும். பூண்டு மட்டும் இல்லை. மழைக்காலத்தில் எங்களுக்குப் பொக்கிஷமான எதுவும் பரணுக்குப் போகும். விதைக்கிழங்கு, தீப்பெட்டி, பட்டா, மகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், என்னுடைய வேலை உத்தரவு, எல்லாமே ஒரு காலத்தில் அங்கே இருந்தவை. எங்களுக்குப் பத்திரம் என்றால் பரண். வேறு ஊர்க்காரர் யாரும் மெழுகு பொம்மையை அடுப்புக்கு மேலே வைக்க நினைக்கமாட்டார்கள். எனக்கு அது இயல்பாகத் தோன்றியது. மெல்லிய புகை, மெல்லிய வெதுவெதுப்பு, பூண்டே வேகாத சூடு. ரேக்கு காய்ந்துவிடும். அவள் வந்து பார்த்து அதிசயப்படுவாள்.

மதியம் மூன்று மணி இருக்கும். முக்காலியில் ஏறி, பூண்டுக் கட்டுகளை ஒதுக்கி, பலகையோடு அதை மேலே வைத்தேன். கீழே இரண்டு கட்டை புகைந்துகொண்டிருந்தன. அது போதும். எனக்கே தெரியும், அது போதும்.

நாத்தனார் மோர் வாங்க வந்தாள். மகள் இல்லையா என்று கேட்டுவிட்டு அடுப்பருகே குளிர் காய்ந்தாள். மேலே என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. பேச்சு ஸ்பெயினுக்குப் போனது.

“அது எங்கிட்டுக் கெடக்கு மதினி?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“ஒத்தப் புள்ள” என்றாள். “போனது திரும்பி வரும்னு இருக்கா? வந்தாலும் நம்ம புள்ளையா வருமா?”

அவள் கெட்டவள் இல்லை. நான் தினமும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள். மோரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மூலையிலிருந்து மூன்றாவது கட்டையை எடுத்து வைத்தேன். ஈரக் கட்டை இல்லை. காய்ந்த தைலமரக் கட்டை. பூண்டுக்கு ஒரு நாளும் அதை வைக்கமாட்டோம், நின்று எரியும்.

சீக்கிரம் காயட்டும் என்றுதான் வைத்தேன். இப்படித்தான் அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, விதைப்பூண்டை ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்புறம் ஆறு மணிக்கே படுத்துக்கொண்டேன். தலைவலி என்று நினைவு. காலையில் முக்காலியில் ஏறிப் பார்த்தேன். எட்டுத் தூணில் ஐந்து இடுப்பொடிந்து முன்னால் சாய்ந்திருந்தன. குழந்தை முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வழிந்திருந்தன. பழங்கள் பலகையின் அடியில் ஒரு குவியலாகக் கிடந்தன. தங்கம் முழுவதும் புகையேறித் தேன்நிறமும் கறுப்புமாக இருந்தது.

இறக்கி மேசையில் வைத்தேன். ஈரத்துணியால் கரியைத் துடைத்தேன். கரியோடு ரேக்கும் வந்தது. எட்டு நாளில் முதல் முறையாக அன்று காலை மூட்டம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. மேசை ஜன்னலோரம் இருந்தது. அவள் அங்கேதான் அதை வைத்துவிட்டுப் போயிருந்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்பது அந்த வெயிலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மதியப் பேருந்தில் வந்தாள். சுருட்டிய வரைபடங்கள் இன்னும் கையில் இருந்தன.

“என்னம்மா ஆச்சு?”

“காலையில இருந்து சுள்ளுனு வெயிலு. நான் தோட்டத்துல கெடந்தேன், பாக்கல. நீதான ஜன்னலோரம் வச்சுட்டுப் போன.”

அவள் கிட்டே போனாள். ஒரு தூணைத் தொட்டாள். குனிந்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஆமா. நான்தான் வச்சுட்டுப் போனேன்” என்றாள்.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. வெட்கப்பட வேண்டியதில் இதுதான் பெரியது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அன்றைக்குச் சோறு எனக்கு நன்றாகவே இறங்கியது. நான் மறு சோறு வாங்கிச் சாப்பிட்டதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் அவள் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இருந்த மெழுகை உருக்கி, வடித்து, மறுபடி தூண்களை முறுக்கினாள். நானும் உதவுகிறேன் என்றேன். தாட்பூட் பழத்தை உருட்டச் சொல்லிக்கொடுத்தாள், சுண்டுவிரல் நகமளவு. அருகருகே உட்கார்ந்து உருட்டினோம். “நல்லா வருதும்மா” என்றாள் ஒருமுறை. நான் அதற்கும் மகிழ்ந்தேன். சந்தையிலிருந்து வந்த அவள் அப்பா எங்களைப் பார்த்தார், அடுப்படிக்குள் போய்ப் பரணைப் பார்த்தார், நகர்ந்து கிடந்த பூண்டுக் கட்டுகளைப் பழையபடி சரியாக மாட்டிவிட்டு வெளியே போனார். ஐந்து தூணில் மூன்றைத்தான் புதிதாகச் செய்ய முடிந்தது. இரண்டு சாய்ந்தபடியே நின்றன. ரேக்கு பாதிச் சுவருக்குத்தான் கிடைத்தது.

மதுரைக்கு நானும் கூடப் போனேன். பெட்டியை நான்தான் மடியில் வைத்திருந்தேன். கல்லூரியில், அந்த அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை. அவள் பேசியது முழுதும் கேட்டது. எங்கள் வீட்டில் ஒரு நாளும் அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை, தடுமாற்றமே இல்லை. முறுக்குத் தூண் ஸ்பெயினில் எப்படி இருந்தது, கடல் தாண்டி மலையேறியதும் அதன்மேல் என்னென்ன படர்ந்தது, அதைச் செதுக்கியவர்களின் பெயர் ஏன் பெரும்பாலும் எங்கேயும் இல்லை என்றெல்லாம் சொன்னாள். யாரோ ஒருவர் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அவளுடைய பேராசிரியரின் குரல், மாதிரி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டது.

நான் எழுந்து நின்றேன். கதவு நாலடி தூரம்.

“என் கவனக்குறைவு சார். வெயில் படுற எடத்துல வச்சுட்டேன்.”

நான் உட்கார்ந்தேன்.

வேறொரு மாணவியைத் தேர்ந்தெடுத்தார்கள். மதியமே அறிவித்துவிட்டார்கள். ஆளுக்கொரு குறிப்புத்தாளும் கொடுத்தார்கள். அவளுடையதில், ஆய்வு மிகச் சிறப்பு, ஆனால் பொருள்களைக் கையாள்வதில் பொறுப்புப் போதாது என்று இருந்தது. அது அவள் கோப்பில் இருக்கும், அடுத்த முறை கேட்டாலும் எடுத்துப் பார்ப்பார்கள் என்று சொன்னாள். அழவில்லை. இரண்டு நாள் வீட்டுக்கு வருகிறேன் என்று என்னோடு பேருந்து ஏறினாள்.

வத்தலக்குண்டில் மலைப் பேருந்துக்குக் காத்திருந்தோம். கூட்டம். பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில். டீ வாங்கி வந்து கொடுத்தாள். அந்த டீயை வாங்கிக்கொண்டபோது எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

“பாப்பா, அத நான்தான் பரண்ல வச்சேன்.”

“தெரியும்.”

பேருந்துகளின் சத்தத்தில் நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவள் திரும்பி, மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“வெயில்ல உருகுன மெழுகுல பூண்டுப் பொக வாட வராதும்மா. நீ சொல்லுவேன்னு பாத்தேன். பஸ் ஏறுற வரைக்கும் பாத்தேன். உள்ள என் பேரக் கூப்புடுற வரைக்கும் பாத்தேன்.”

பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, உண்மையைச் சொன்னால் அடிக்கமாட்டேன், பொய் சொன்னால்தான் கோபம் வரும் என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறவள் நான்.

வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியபோது ஒன்றே ஒன்று கேட்டாள். “எங்க சார்ட்ட வந்து நீயே சொல்லுவியா? அந்த வரியவாச்சும் எடுப்பாரு.”

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பேராசிரியர் நல்ல மனிதர். எழுந்து நாற்காலி போட்டார், நானும் ஆசிரியை என்று தெரிந்ததும் இன்னும் மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது என்று சொன்னால் அதுவும் ஒரு சாக்குதான். மகள் என் பக்கத்தில் நின்றாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“தப்பு அவ மேல இல்லைங்க சார். ஈரமா இருக்குன்னு நான்தான் தெரியாம அடுப்புக்கு மேல வச்சுட்டேன்.”

வீடென்றால் இப்படியெல்லாம் நடக்கும் என்று அவர் சொன்னார். தேர்வை இனி மாற்ற முடியாது, ஆனால் அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்றார். எடுத்தும்விட்டார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். மாடிப்படியில் இறங்கும்போது அவள் இரண்டு படி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“தெரியாமயாம்மா?”

பதில் வருமா என்று ஒரு படி அளவுக்கு நின்றாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

இது நடந்து பதினோரு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறாள். உடம்புக்கு எப்படி, மழை எப்படி என்று கேட்கிறாள். குரலில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்கு நடுக்கம். இந்த ஆண்டும் ஒருவரை அனுப்புகிறார்களாம். மறுபடி முயற்சி செய்கிறாள். அதே சுவர். இந்த முறை மரத்தில் செதுக்குகிறாளாம். மரம்தானே, இங்கே கொண்டுவந்து அமைதியாக உட்கார்ந்து செய்யலாமே என்று போன வாரம் கேட்டேன்.

“இல்லம்மா, இங்கயே முடிச்சுக்கிறேன்” என்றாள்.

சரி தாயி என்றேன்.

அடுப்புக்கு மேலே வைத்தது நான் என்று அவளுக்குத் தெரியும். சூடு ஆகாது என்று எனக்குத் தெரிந்திருந்ததும் அவளுக்குத் தெரியும். அன்று மதியம் இரண்டு கட்டை போதும் என்றிருந்தபோது, அவளுடைய அத்தை வந்து போனபின் நான் எடுத்து வைத்த மூன்றாவது கட்டையைப் பற்றி மட்டும் அவளுக்குத் தெரியாது. சீக்கிரம் காயட்டும் என்று வைத்தேனா, அவள் போகாமல் இருக்கட்டும் என்று வைத்தேனா? இத்தனை மாதம் கழித்தும், முதல் பதிலைச் சொல்லும்போது என் வாய் உலர்ந்துபோகிறது. இரண்டாவதைச் சொல்லிப் பார்த்தேன். உலரவில்லை.

இதை அவள்தான் முதலில் படிப்பாள். நாளைக்கு அனுப்புகிறேன்.